காட்டு ஹோட்டலில் கை நனைத்த கதை

விதானையார் செய்த வேலையால்தான் பரிமளம், எனக்குக் குரங்கு கிடைத்தது. சிரியாதேயும், முழுக்கக் கேளும்.

அந்த ஹோட்டலில் பிறந்த நாளைக் கேட்டுத்தான் அறை கொடுப்பார்கள். நான் திருவாதிரை என்றேன். நட்சத்திரம் போதாதாம், திகதி வேண்டுமாம். எனக்கு எங்கே திகதி தெரியும்? பாஸ்போட்டைப் பார்த்தார்கள். அதில் இருப்பது, என் ஐயா என் பிறப்பைப் பதியப் போன அன்று, ஊர் அலுவல் பார்க்கிற விதானையார் தன் வசதிக்குப் போட்ட திகதி. அதை வைத்து என்னவோ பழைய பஞ்சாங்கக் கணக்குப் பார்த்து, "குரங்கு" என்று சொல்லி, கதவில் குரங்கு செதுக்கிய அறைக்குள் கொண்டுபோய் விட்டார்கள். நியாயப்படி அந்தக் குரங்கு விதானையாருக்குப் போகவேண்டியது.

டென்மார்க்குக்கு என் மகன் நேசனிடம் போனது, விமானத்தில் வேகாத சோறு தந்தது, குளிரில் என் காது விறைத்தது எல்லாம் போன கிழமையே சொல்லிவிட்டேன். இந்த ஹோட்டல் கதைதான் மிச்சம். உமக்கென்று வைத்திருந்தேன்.

நேசனின் மகள் ஆரபியைத் தெரியும்தானே? மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நின்ற பிள்ளை. படம்கூடக் காட்டினேன். அந்த வேலையை விட்டுவிட்டு, ஒரு கூட்டாளிப் பெட்டையோடு சேர்ந்து காட்டுக்குள் ஹோட்டல் நடத்துகிறாள். நேசன் இருக்கும் வைலே ஊரிலிருந்து காரில் அவ்வளவு தூரம் இல்லை. ஆனால் ஹோட்டல் தொடங்கிய நாளிலிருந்து அவன் அந்தப் பக்கம் போகவே இல்லை. மருமகள் முதியோர் இல்லத்து வேலை முடித்து வரும் வழியில் களவாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவாளாம். எனக்குக் காதுக்குள் சொன்னாள்.

அவனையும் குறை சொல்ல முடியாது. அகதியாகப் போன புதிதில், ஒரு ஹோட்டலில் எத்தனையோ வருஷம் சாப்பாட்டுக் கோப்பை கழுவியவன். குளிர்காலத்தில் கை வெடித்து இரத்தம் கசியும். "நான் கோப்பை கழுவினது நீயும் கோப்பை கழுவுறதுக்கே?" என்று பிள்ளையிடம் ஒருநாள் கத்தியிருக்கிறான். பிறகு பிள்ளையின் தாயிடம் சொன்னானாம், "அவளின்ரை ஹோட்டலிலை நான் கை நனைக்க மாட்டன்."

உமக்குச் சொல்லத் தேவையில்லை. நம் ஆட்கள் ஒரு வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றால், அங்கே ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டேன், அந்த உறவே வேண்டாம் என்று அர்த்தம். பெற்ற மகளிடம் சொல்கிற சொல்லா அது? நான் திரும்பி வருவதற்குள் அவனை அங்கே இருத்தி ஒரு பிடி சாப்பிட வைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே சொன்னது, "எனக்கு அந்தக் காட்டைப் பாக்கவேணும்" என்று மட்டும்தான்.

முதல்நாள் நேசன் காட்டின் வாசல்வரை காரில் கொண்டுவந்து விட்டான்.

"வாடா தம்பி, பிள்ளையை எட்டிப் பாத்திட்டுப் போ."

"நீங்கள் போங்கோம்மா. நாளையிண்டைக்கு வந்து ஏத்துறன்."

காரால் இறங்கவும் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அங்கிருந்து ஹோட்டலுக்கு எப்படிப் போனேன் தெரியுமா? முன்னால் பெரிய பெட்டி வைத்த மூன்று சில்லுச் சைக்கிள். அந்த ஊரில் தாய்மார் பிள்ளைகளை அதில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோவார்கள். ஆரபி என்னைத் தூக்காத குறையாக அந்தப் பெட்டிக்குள் இருத்தி, கம்பளியால் மூடி, மிதித்தாள். மீன்காரன் பாரைமீன் கொண்டுவருவதுபோலப் போனேன். எதிரே நடந்து வந்த வெள்ளைக்காரர் எல்லாரும் "ஹை ஹை" என்றார்கள். மாட்டைச் சாய்த்து ஓட்டுவதுபோல இருந்தது. வணக்கத்துக்கும் அதுதானாம், போய்வாறன் என்பதற்கும் அதுதானாம். நானும் இரண்டு பக்கமும் "ஹை ஹை" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

காடு என்றால் நம் வன்னிக்காடு மாதிரி இல்லை. கூட்டித் துடைத்து வைத்த காடு. மரங்கள் நெடுநெடுவென்று, இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கியிருந்தன. அந்த நடுக்காட்டில் ஒரு பெரிய கண்ணாடிக் கொட்டில். முன்பு யாரோ வெள்ளரிக்காய் வளர்த்ததாம். கதவைத் திறந்து உள்ளே போனால் பரிமளம், வாழை நிற்கிறது, பப்பாசி நிற்கிறது, கொக்கோ நிற்கிறது! வெளியே பல்லுக் கிட்டுகிற குளிர், உள்ளே வேர்க்கிறது. கொட்டிலைச் சுற்றிச் சின்னச் சின்னக் குடில்கள், அவைதான் அறைகள். ஒன்றிலும் எழுத்து இல்லை, படம்தான். புலி, மான், பாம்பு, என் குரங்கு. தூரதேசத்து மாயா ஆட்களின் முறையில் கட்டிய ஹோட்டலாம்; அவர்களின் பழைய எழுத்தும் படங்களாகத்தான் இருக்குமாம், சுவரில் நிறையச் செதுக்கியிருந்தது. படித்த வெள்ளைக்காரர்கள் அதன் முன்னால் நின்று முழிசுகிறார்கள். நானும் பக்கத்தில் நின்று முழிசினேன். எழுத வாசிக்கத் தெரிந்தவர்களும் நானும் ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்தது அன்றைக்குத்தான்.

இந்த மாயா என்ற சொல்லால் எனக்கு ஒரு வெட்கக்கேடு நடந்தது. ஆரபியின் கூட்டாளிப் பெட்டை நல்ல கறுத்த பிள்ளை, இரண்டு பின்னல், பூவேலை செய்த சட்டை. குவாத்தமாலா நாடு. மாலா என்று முடிவதால் அந்தப் பெயர் எனக்கு ஞாபகம் நின்றது. மாயா ஹோட்டல் என்று ஆரபி சொன்னதை வைத்து, அவளின் பெயர்தான் மாயா என்று நினைத்துவிட்டேன். "மாயா, தண்ணி கொஞ்சம் தாரும் பிள்ளை", "மாயா, இஞ்சை வாரும்" என்று நாள் முழுக்கக் கூப்பிட்டேன். அவளும் சிரித்துக்கொண்டு ஓடி ஓடி வந்தாள். பின்னேரம்தான் ஆரபி சொன்னாள்.

"அப்பம்மா, அவவின்ரை பேர் இஷ்செல். மாயா எண்டுறது அவையின்ரை சனம். உங்களை ஆரும் 'ஏய் தமிழ், தண்ணி கொண்டா' எண்டால் எப்பிடியிருக்கும்?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இஷ்செல் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு என்னை "ஃபாமோ" என்றாள். டென்மார்க் பாஷையில் அப்பாவுக்கு ஃபா, அம்மாவுக்கு மோ. ஃபாமோ என்றால் அப்பம்மா. நம்மைப்போலவே ஒட்டித்தான் சொல்கிறார்கள், பாரும்! அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது அந்த ஒரு சொல்லால்தான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்தக் கண்ணாடிக் கொட்டிலின் வாசலில் ஒரு கல்தொட்டி. அதில் எந்நேரமும் இளஞ்சூடாகத் தண்ணீர், மேலே செவ்வந்தி இதழ் மிதக்கிறது. பக்கத்தில் மடித்த துவாய், ஒரு சின்னப் போத்தலில் தேங்காயெண்ணெய். வருகிறவர்கள் எல்லாரும் அதில் கையைத் தோய்த்து, துடைத்து, எண்ணெய் பூசிக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவன் தன் மனுசியிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளங்கப்படுத்தினான். என்ன சொல்கிறான் என்று ஆரபியைக் கேட்டேன்.

"இது மாயா ஆக்களின்ரை ஆயிரம் வருசத்துப் பழக்கம், கையாலை பாவம் கழுவுறது எண்டு சொல்லுறார்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இல்லையே?"

"இல்லை அப்பம்மா. இது அப்பாவுக்கு வைச்சது."

"அப்பாவுக்கோ?"

"அப்பா அம்மாட்டைச் சொன்னவர், என்ரை ஹோட்டலிலை கை நனைக்க மாட்டன் எண்டு. தொடங்கேக்கை இஞ்சை வெளியிலை ஒரு குளிர்தண்ணிப் பைப்தான் இருந்தது. அம்மா அவருக்கு அதின்ரை படம் காட்டியிருக்கிறா. அப்பான்ரை கை குளிர்தண்ணிக்கு வெடிக்குமெல்லோ? சின்னனிலை நான்தானே எண்ணெய் பூசிவிடுறனான். அதுதான் சுடுதண்ணி வைச்சன். வேலை விட்டதுக்குக் கோவம் இருக்குத்தான். ஆனா கோவத்துக்காக வராமல் விடுவாரே? தண்ணிக்குத்தான் வரேல்லை. இன்னும் நான் அவருக்குச் சொல்லேல்லை. வந்து பாக்கட்டும்."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. டென்மார்க்கில் பிறந்து வளர்ந்த பிள்ளை. நம் சொல்லைச் சொல்லாகவே எடுத்துவிட்டாள். கை நனைப்பது என்றால் என்ன என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். சொன்னால், தகப்பன் தன்னை வேண்டாம் என்று விட்டான் என்றல்லவா அர்த்தமாகும்? தினமும் காலையில் எழும்பித் தண்ணீர் சுடவைக்கிற பிள்ளைக்கு அதைச் சொல்லலாமா? ஆனால் இன்னொரு பயமும் பிடித்துக்கொண்டது. நாளை மறுநாள் நேசன் வந்து, இந்தச் சுடுதண்ணியைப் பார்த்தும் சாப்பிடாமல் போனால், யாரும் சொல்லாமலே அவளுக்கு விளங்கிவிடும்.

இரண்டாம் நாள் முழுக்கச் சாப்பாட்டு நாள். இஷ்செல் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில் அவித்து, ஊறவைத்து, தோல் கழற்றி அரைக்கிறாள். எதில் என்று நினைக்கிறீர்? அம்மியில்! மூன்று கால் வைத்த அம்மி, குழவி இரண்டு பக்கமும் நீண்டிருக்கும். சுண்ணாம்பு என்றதும் நான் மடியிலிருந்த வெற்றிலைப் பெட்டியைத் திறந்து என் சுண்ணாம்பைக் காட்டினேன். மணந்து பார்த்து "சீ, சீ!" என்றாள். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அவர்கள் பாஷையில் 'சீ' என்றால் 'ஓம்' ஆம். ஓம் ஓம், இதேதான் என்று சொல்லியிருக்கிறாள் பாவம்.

அரைத்த மாவைக் கையால் தட்டித் தட்டி ரொட்டி சுட்டாள். கறுத்தக் கௌபி மாதிரி ஒரு பயற்றங்கறி, சுட்ட தக்காளியும் மிளகாயும் போட்ட சம்பல். உறைப்புக் காணாது என்று என் பையிலிருந்த மிளகாய்த்தூளைக் கொஞ்சம் தூவினேன். இஷ்செல்லும் கேட்டு வாங்கித் தூவினாள். அந்த வெள்ளைக்காரக் கிழவனும் கையை நீட்டினான். ஒரு விரல்நுனிதான் போட்டேன். அதன் பிறகு அவன் வெகுநேரம் கதைக்கவில்லை. மனுசி எனக்கு நன்றி சொன்னாள். பிறகு வாழையிலையில் சுற்றி அவித்த சோளக்கொழுக்கட்டை. கொக்கோ என்று ஒன்று கொடுத்தார்கள், சீனி இல்லை, மிளகாய் போட்டிருந்தது. கசாயம் என்று நினைத்துக் கண்ணை மூடிக் குடித்தேன்.

பின்னேரம் கல்லால் கட்டிய ஒரு குட்டிக் குடிசையைக் காட்டினார்கள். குனிந்துதான் உள்ளே போகவேண்டும். காய்ச்சிய கல்லில் இலைத்தண்ணி தெளித்து, அந்த ஆவிக்குள் இருப்பது. மாயா ஆட்களின் பெரிய வைத்தியமாம். நாங்கள் தடிமனுக்குப் போர்வையால் மூடி வேது பிடிப்பதுதான், வேறொன்றும் இல்லை. வெள்ளைக்காரர் வரிசையில் நின்று வேது பிடிக்கிறார்கள்! நானும் பிடித்தேன். முழங்கால் நோவு பறந்தே போனது.

ஆனால் அடுத்தநாள் காலையில் ஆரபியைக் கூப்பிட்டுச் சொன்னேன், "பிள்ளை, கொப்பாவுக்கு ரெலிபோன் எடுத்து, அப்பம்மாவுக்கு முழங்கால் பொல்லாத நோவு, அந்தப் பெட்டிச் சைக்கிளிலை ஏறமாட்டாவாம், காரை உள்ளுக்குக் கொண்டுவரட்டாம் எண்டு சொல்லு." பொய்தான். பிள்ளையார் மன்னிப்பார்.

மன்னித்தது மட்டுமில்லை, உதவிக்கும் வந்தார். விடிய விடிய மழை. நேசன் காரைக் காட்டின் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் விட்டான். கொட்டிலுக்குக் கிட்ட வந்ததும் பின் சில்லு சேற்றுக்குள் இறங்கிவிட்டது. அவன் காஸை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்குகிறது. ஆரபி ஓடிப்போனாள், இஷ்செல் ஓடினாள். வேதுக் குடிசைக்குள் இருந்த அந்தக் கிழவன், துவாய் மாதிரி ஒரு நீளச் சட்டையோடு, ஆவி பறக்கப் பறக்க ஓடிவந்தான். தகப்பனும் மகளும் வெள்ளைக்காரனுமாகப் பின்னால் நின்று தள்ளுகிறார்கள். இஷ்செல் ஸ்டியரிங்கில்.

"ஆரபி, நீ தள்ளிப் போ, சேறு அடிக்கும்!"

"நீங்கள் முதலிலை சரியாத் தள்ளுங்கோ அப்பா!"

"நான் தள்ளாமல் என்ன, தடவுறனே?"

ஒரு வருஷத்துக்கு மேலாக நேருக்கு நேர் கதைக்காத இரண்டு பேர் கதைத்தது இதைத்தான். நான் கம்பளியைப் போர்த்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தேன். முழங்கால் நோகிற ஆள் என்பதை மறந்து படியில் இறங்கி ஏறினேன். நல்லகாலம், யாரும் கவனிக்கவில்லை.

கார் ஏறிவிட்டது. ஆனால் நேசனுக்கு முழங்கைவரை சேறு. அந்தக் கையால் காரைத் தொட முடியாது. அங்கும் இங்கும் பார்த்தான். வாசலில் கல்தொட்டி. நேரே வந்து இரண்டு கையையும் உள்ளே விட்டான். விட்டவன் அப்படியே நின்றான். குளிர்தண்ணி என்று நினைத்து விட்டிருப்பான். கை சூட்டைக் கண்டதும் அவன் முகம் இளகியதைப் பார்த்தேன்.

ஆரபி துள்ளினாள். "அப்பா கை நனைச்சிட்டார்! அப்பம்மா, அப்பா கை நனைச்சிட்டார்!"

நேசன் திடுக்கிட்டுத் திரும்பினான். "என்ன?"

"நீங்கள்தானே சொன்னீங்கள், என்ரை ஹோட்டலிலை கை நனைக்க மாட்டன் எண்டு? குளிர்தண்ணி எண்டுதானே வராமல் இருந்தனீங்கள்? இப்ப எப்பவும் சுடுதண்ணி. எண்ணெயும் இருக்கு. கையைத் தாங்கோ."

துவாயால் துடைத்து, போத்தலிலிருந்து எண்ணெய் ஊற்றி, சின்னனில் செய்ததுபோல ஒவ்வொரு விரலாகப் பூசினாள். நேசன் என்னைப் பார்த்தான். நான் பார்வையாலேயே ஒரு உறுக்கு உறுக்கினேன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிள்ளைக்குத் தெரியாது. அவன் ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் உடைந்துவிடும்.

"ஓம்" என்றான். "ஓம் பிள்ளை, குளிர்தண்ணிதான் எனக்கு ஒத்துவாறேல்லை. இது... நல்ல சூடு."

"அப்ப சாப்பிடுங்கோ."

"என்ன கிடக்கு?"

பரிமளம், அந்த 'என்ன கிடக்கு'வைக் கேட்கத்தானே நான் கடல் கடந்து போனேன்.

வாழையடியில் மேசை போட்டு இருத்தினார்கள். ரொட்டி, கௌபிக்கறி, சம்பல், என் மிளகாய்த்தூள். கரண்டி வைத்திருந்தார்கள், அவன் தொடவில்லை. எண்ணெய்க் கையாலேயே பிய்த்துக் குழைத்துச் சாப்பிட்டான். இரண்டாம் தரமும் கேட்டான். கடைசியில் கோப்பையை விரலால் வழித்தான். பிறகு மகளைப் பார்த்து டென்மார்க் பாஷையில், "தாக் ஃபொ மாத்" என்றான். சாப்பாட்டுக்கு நன்றி என்று அர்த்தம், அந்த ஊரில் சாப்பிட்டு எழும்பும்போது எல்லாரும் சொல்வது. தமிழில் பெற்ற மகளுக்கு நன்றி சொல்கிற வழக்கம் நமக்கு எங்கே இருக்கிறது? அதனால் அந்தப் பாஷையைக் கடன் வாங்கிச் சொன்னான். பிள்ளை வேறு பக்கம் திரும்பி வாழையிலையில் தூசி தட்டினாள். அதில் தூசியே இல்லை.

பிறகு என்ன செய்தான் தெரியுமா? கோப்பைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு நேரே குசினிக்குள் போனான். சட்டைக் கையை மடித்தான். "விடுங்கோ, நான் கழுவுறன். இஞ்சை பார் பிள்ளை, கிளாஸை முதலிலை கழுவோணும், எண்ணெய்ச் சட்டி கடைசி. இதுகூடத் தெரியாமல் ஹோட்டல் நடத்துறாளாம்!" இஷ்செல்லுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் "சீ, சீ" என்று தலையாட்டினாள். நேசன் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "சீ எண்டால் ஓமடா தம்பி" என்று நான் விளங்கப்படுத்தினேன். பாஷை தெரிந்த ஆள் அல்லவா நான்.

வரும்போது காரில் கொஞ்சத் தூரம் போன பிறகு கேட்டான், "அம்மா, முழங்கால் இப்ப எப்பிடி?"

"நோகுது" என்றேன்.

"ஓமோம்" என்றான். சிரிப்பு உதட்டில் நின்றது.

இப்போது சனிக்கிழமையில் அவனுக்கு ரெலிபோன் எடுத்தால் குரல் சரியாகக் கேட்பதில்லை. தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் கோப்பை முட்டுகிற சத்தமும்தான். "அம்மா, கை ஈரம், பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறான். வைக்கட்டும். ஈரமாகவே இருக்கட்டும்.

இஷ்செல் எனக்குச் சிவப்புச் சோளம் ஒரு பிடி தந்தாள். சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தேன், விமானத்தில் ஒருவரும் கேட்கவில்லை. விதைக்குப் போடலாம் என்று சுளகில் காய... ஐயோ பரிமளம், உம்முடைய சேவல்! வேலிக்குள்ளால் வந்து அதைத்தான் கொத்துகிறது! சூ! சூ! அந்தத் தடியை எடும், கெதியாய் எடும்!